பால் நிறுத்தியும் நிற்காத இரைப்பு: 29 வாரத்தில் பிறந்த ஒரு பிள்ளை

2 வயது 4 மாதத்தில், ஓர் ஆகஸ்டில், அவனை என்னிடம் தூக்கிவந்தார்கள். எடை 9.1 கிலோ. அம்மாவின் இடுப்பில் பிள்ளை, அப்பத்தா கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. பையில் மருந்துச் சீட்டுகள், 7 எக்ஸ்ரே படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள். எல்லாவற்றுக்கும் மேலே, லேமினேஷன் செய்த ஒரு பட்டியல்: பால், தயிர், முட்டை, கோதுமை, நிலக்கடலை, மீன், வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி. அதன் அடியில் பேனாவால் 'கத்தரிக்காய்' என்று யாரோ சேர்த்திருந்தார்கள்.

"இதுல எதையும் கண்ணுல காட்டுறதில்ல டாக்டரம்மா. 14 மாசமா ஒரு சொட்டுப் பால் கொடுக்கல" என்றார் அம்மா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் மாதம் தவறாமல் இரைப்பு வருகிறதே என்பதுதான் அவர்கள் கேள்வி.

பிள்ளை என்னதான் சாப்பிடுகிறான்? இட்லி, ரசம் சாதம், அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர். ஹீமோகுளோபின் 8.9. விலா எலும்புகளின் கீழ் ஓரத்தில் இரண்டு பக்கமும் ஒரு பள்ளக் கோடு. நெடுநாள் மூச்சுக்குப் போராடிய நெஞ்சுக்கூட்டில் விழும் கோடு அது. நிமிடத்துக்கு 34 மூச்சு, ஆக்சிஜன் அளவு 97, ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இரண்டு பக்கமும் மெல்லிய விசில். தோலில் கரப்பான் எதுவும் இல்லை.

பெற்றோரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பீரோவில் இருந்த தாள்

"எத்தனாவது மாசத்துல பிறந்தான்?" என்று கேட்டேன். "ஏழாம் மாசம். எட்டுல பிறந்தாத்தானே தங்காது, ஏழு தங்கிரும்" என்றார் அப்பத்தா. இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் கேட்கிற சொல் இது. உண்மை நேர்மாறு. ஒவ்வொரு வாரம் வயிற்றில் கூடுதலாக இருக்கும்போதும் நுரையீரலுக்கு லாபம்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்று கேட்டதற்கு, "அது பத்திரமா பீரோவுல இருக்கு, ஜாதகத்தோட" என்று பதில் வந்தது. அதனால்தான் இரண்டு வருடமாக எந்த டாக்டர் கண்ணிலும் அது படவில்லை. மறுநாள் கொண்டுவரச் சொன்னேன்.

அந்த 4 பக்கத்தில் முழுக் கதையும் இருந்தது. அம்மாவுக்கு 24 வயது, முதல் பிரசவம். 29 வாரத்தில் ரத்த அழுத்தம் 160/110. முதலில் போன இடத்தில் 'இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். அனுப்பியதில் தப்பில்லை. ஏற்றும் முன்பு ஒரு ஊசி போட்டிருக்கலாம், போடவில்லை. டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு, 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 முறை. 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகும்போல் இருந்தால் தாய்க்குப் போட வேண்டிய ஊசி. முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. விலை பெரிதில்லை. போன இடத்தில் 2 ஊசி போடுவதற்குள் அழுத்தம் இன்னும் ஏறி, சிசேரியன் செய்ய வேண்டியதாகிவிட்டது. பிறந்த எடை 1,150 கிராம்.

அந்த ஊசிக்கு ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், நுரையீரலின் காற்றறைகள் உள்ளே ஈரமானவை. ஈர வாழையிலை இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம்? மூச்சை வெளியே விடும்போதெல்லாம் காற்றறைகள் அப்படி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிற வழுவழுப்பான பொருளின் பெயர் சர்ஃபாக்டன்ட். அது போதுமான அளவு ஊற ஏறத்தாழ 35 வாரம் ஆகும். குறைமாசக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு அது இல்லாததே காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜீர் மீடும் காட்டினார்கள். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 34 வாரத்துக்கு மேல், 2 கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்து 39 மணி நேரத்தில் இதே திணறலில் இறந்தான். தாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பழுக்கும் என்று நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் வெளியிட்டது 1972. சர்ஃபாக்டன்ட்டையே குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் ஊற்றலாம் என்று ஜப்பானில் ஃபுஜிவாரா காட்டியது 1980. அதிபர் மகனுக்குக் கிடைக்காதது தரைக்கல் பட்டறைத் தொழிலாளியின் 1,150 கிராம் மகனுக்குக் கிடைத்தது.

மூக்கில் அழுத்தக் காற்று, சர்ஃபாக்டன்ட் ஒரு முறை, மூச்சை மறந்துவிடாமல் இருக்கக் காஃபின். "பச்சப் புள்ளைக்குக் காப்பித் தண்ணியா?" என்று அப்பத்தா அப்போது சண்டை போட்டாராம். ஆக்சிஜன் 34 நாள். பிறகு அம்மா நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு கவனிப்பு. கண் பரிசோதனையும் தவறாமல் நடந்திருந்தது. 58ஆம் நாள் 1,910 கிராம் எடையோடு வீடு.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'பி.பி.டி., லேசான வகை.' குறைமாசக் குழந்தைகளுக்கு வரும் நாட்பட்ட நுரையீரல் பாதிப்பு அது. 28 நாளுக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டு, வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து எண்ணி 36 வாரம் வரும்போது அது இல்லாமலே சமாளிக்கிற குழந்தைகளுக்கு இந்த 'லேசான' பெயர். சரியான காற்றறைகள் உருவாகத் தொடங்குவதே 36 வாரத்தை ஒட்டித்தான். இவன் அதற்கு 7 வாரம் முன்பே வெளியே வந்து, ஆக்சிஜனையும் அழுத்தத்தையும் தாங்கி, அந்த வேலையை வெளியில் வைத்து முடிக்க வேண்டியிருந்தது. காற்றறைகள் குறைவு, குழாய்கள் சிறிசு. மற்ற எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

லேபிள்கள்

5ஆம் மாதம் முதல் அட்மிஷன். சாதாரணச் சளி, இரண்டாம் நாள் நெஞ்சு உள்வாங்கி, 4 நாள் ஆக்சிஜன். தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கடைசி 3 மாதத்தில்தான் குழந்தைக்கு வந்து சேரும். இவன் அதற்கு இருக்கவில்லை. குழாயும் சிறிசு. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்குத் தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகும். மற்றப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகலோடு போகிற சளி இவனுக்கு ஆஸ்பத்திரி வரை போனது அதனால்தான்.

அதற்குப் பிறகு சீட்டுகள். ஒன்றில் 'வீசிங்', இன்னொன்றில் 'நிமோனியா', இன்னொன்றில் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்', அதாவது பிள்ளைகளுக்கு வரும் காசநோய். இந்தக் கடைசி வார்த்தை நம் ஊர்ப் பிள்ளைகள் மேல் எவ்வளவு சுலபமாக ஒட்டப்படுகிறது என்பதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். இவனுக்குக் காசநோய்த் தொடர்பும் இல்லை, தோல் பரிசோதனையும் நெகட்டிவ். ஒரு மாதம் மருந்து கொடுத்துவிட்டு, வாந்தி எடுக்கிறான் என்று அவர்களே நிறுத்தியிருந்தார்கள். ஆன்டிபயாட்டிக் 11 முறை, ஸ்டீராய்டு சிரப் 6 முறை, மூச்சுக்குழாயை விரிக்கிற, ஆனால் கை நடுங்க வைக்கும் சால்பூட்டமால் சிரப் கணக்கில்லை.

14ஆம் மாதம் ஒருவர் 'அலர்ஜி' என்றார். பல உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற அலர்ஜிப் புரதத்தைப் பார்க்கும் பரிசோதனை. 9 உணவுகளில் 'பாசிட்டிவ்', எல்லாமே கீழ்ப்படி அளவில். அந்தத் தாள் லேமினேஷன் கடைக்குப் போனது. கத்தரிக்காய் பரிசோதனையில் இல்லை. 'கரப்பான் பண்டம்' என்று அப்பத்தா சேர்த்தது.

ஐ.ஜி.இ. இருப்பது ஒன்று, அலர்ஜி இருப்பது இன்னொன்று. ரத்தத்தில் லேசாகத் தெரிகிற எத்தனையோ பிள்ளைகள் அதே உணவை நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க முதல் கருவி கேள்விதான். "பால் குடிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி ஏதாவது வந்துச்சா?" இல்லை. முட்டைக்கு? இல்லை. "அப்ப எப்பத்தான் இரைக்கும்?" அம்மா யோசித்துச் சொன்னார்: "சளி பிடிச்சா. மழை வந்தா." வீட்டில் வேறு யாருக்கும் ஆஸ்துமா, தும்மல், தோல் கரப்பான் கிடையாது.

குறைமாசத்தில் பிறந்தவர்களுக்கு இரைப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதில் சந்தேகம் இல்லை. 2014இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மொத்தத்தில் சுமார் 1.7 மடங்கு, 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் ஏறத்தாழ 3 மடங்கு. ஆனால் அலர்ஜி? ஃபின்லாந்தில் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களை 10 வயதில் சோதித்தபோது, அலர்ஜிச் சுபாவம் நிறைமாசப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே இருந்தது. இரைப்புச் சத்தம் ஒன்றுதான். அதன் பின்னால் இருப்பது வேறு வேறு. இவனுக்கு அது குழாயின் அளவு.

சந்தேகப்படும் பொருளைத் துளி வைத்துத் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் குத்துப் பரிசோதனையில் உணவு எதற்கும் தோல் தடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாலை 5 மில்லியில் தொடங்கினோம். ஒவ்வொரு முறை கொடுத்ததும் அம்மா செல்போனில் நேரம் வைத்து மூச்சை எண்ணினார். மதியத்துக்குள் 120 மில்லி. அவன் காலி டம்ளரை ஆட்டி இன்னும் கேட்டான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களில் முட்டை, கோதுமை, நிலக்கடலை. ஒன்றும் ஆகவில்லை. (இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே யாரும் முயல வேண்டாம். நிஜமான அலர்ஜி இருக்கிற பிள்ளைக்கு இது உயிர் விஷயம்.)

கூடவே குறைந்த அளவு புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் 3 மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். 'பம்ப் வெச்சா பழகிரும்' என்ற பயத்தைப் போக்கவே அரை மணி நேரம் ஆனது. இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழாயை மறந்து வந்த ஒரு நாள், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுச் செய்து காட்டினேன். தென்னாப்பிரிக்காவில் சோதித்து நிரூபித்த கைவைத்தியம்தான். ஒரு அழுத்து, முகமூடிக்குள் 6 மூச்சு, பிறகு அடுத்தது.

3 மாதம் முடிந்தது. எடை ஏறியிருந்தது, இரைப்பு குறையவில்லை. இரண்டு அட்மிஷன். இன்ஹேலர் முறையைச் சரிபார்த்தேன், சரியாகத்தான் செய்தார்கள். பலன் இல்லாத மருந்தை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று நிறுத்தினேன்.

தூளிக் கயிறு

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக் வராந்தாவுக்குத் தரைக்கல் பார்க்க, அதற்குப் பேர்போன ஆத்தங்குடி போனேன். அவன் அப்பா அங்கே ஒரு பட்டறையில்தான் வேலை. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார். அடுத்ததாக உலர்ந்த மணல்-சிமென்ட் கலவையை மேலே தூவினார்கள். அந்த நேரத்தில் பட்டறையே ஒரு நொடி மங்கியது. அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவார் என்று புரிந்தது. "வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

ஒரு பெரிய வீட்டின் பின்கட்டை ஒட்டிய மூன்று அறை. சென்னையில் இருக்கிற ஆச்சி குடும்பத்தின் வீடு. சாவி இவர்கள் கையில். அப்பத்தா ஆர்டருக்குப் பலகாரம் போடுகிறவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. பின்தாழ்வாரத்தில் விறகடுப்பு, இரும்புச் சட்டியில் தேன்குழல் வெந்துகொண்டிருந்தது. சவுக்குக் கட்டை மழையில் நனைந்திருந்ததால் புகை மேலே போகாமல் தாழ்வாரத்திலேயே தொங்கியது. அடுப்பிலிருந்து 8 அடியில் உத்தரத்தில் தூளி. "நான் அடுப்படியில இருந்தாலும் பயலைப் பாத்துக்கிரலாம்ல" என்றார். பகல் தூக்கம் எல்லாம் அதில்தானாம்.

தூளிச் சேலை வெள்ளையாகத் துவைத்து இருந்தது. கயிறு? கைக்கு எட்டுகிற உயரம் வரை பழுப்பு, அதற்கு மேல் கறுப்பு. விரலால் தடவினேன், பிசுபிசுப்பாகக் கரி ஒட்டியது. எண்ணெய்ப் புகையும் விறகுப் புகையும் சேர்ந்த பிசுக்கு. என் விரலை அப்பத்தாவிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சட்டியை இறக்கினார்.

இதோடு செவ்வாய், வெள்ளி தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணிப் புகை. ராத்திரி கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வீட்டில் யாருக்கும் பீடி, சிகரெட் பழக்கம் இல்லை என்று நான் என் கேஸ் தாளில் நிம்மதியாக எழுதி வைத்திருந்தேன்!

பலகாரத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருமானத்தில்தான் அவன் முட்டை சாப்பிடுகிறான். கேஸ் அடுப்பு என்றால் சிலிண்டர் செலவு கட்டாது என்றார் அப்பத்தா. பேசிப் பேசி, அடுப்பு கிணற்றடிக்கு அப்பால் தகரக் கொட்டகைக்குப் போனது. தூளி முன்அறைக்கு வந்தது. சுருளுக்குப் பதில் கொசுவலை. சாம்பிராணி சாமி அறையோடு சரி. அப்பா பட்டறையிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வருவது என்று முடிவானது. ஃப்ளூ தடுப்பூசி போட்டோம், வருடம் தவறாமல் போடச் சொன்னோம்.

அதற்கடுத்த மாதங்களில் பையன் நன்றாக இருந்தான். உடனே வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் மழைக்காலம் முடிந்தால் எப்படியும் குறையும், பிள்ளையும் வளர்கிறான், சாப்பாடும் கூடியிருக்கிறது. மழையோடு மழையைத்தான் ஒப்பிட வேண்டும். முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் 2 அட்மிஷன். அடுத்த வருடம் அதே மாதங்களில் 2 முறை இரைப்பு, வீட்டிலேயே சால்பூட்டமால் பம்போடு அடங்கியது, அட்மிஷன் இல்லை. இதில் புகையின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எடை 6 மாதத்தில் 11.2 கிலோ. அதற்குக் காரணம் பாலும் முட்டையும்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரிய வீடு திறந்தபோது

இங்கே முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர். 4 வயதில், வைகாசி மாதம், அம்மா போன் செய்தார். 10 நாளாக விடியற்காலை இருமல், தும்மல், கண்ணைக் கசக்குகிறான், இரைப்பும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. மழையும் இல்லை. அடுப்பு கொட்டகையில்தான் இருக்கிறது.

ஆச்சி வீட்டில் கல்யாணம். பல வருடமாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பட்டாலையிலிருந்து மேல்மாடி வரை சுத்தம் செய்கிறார்கள். பங்காளிகள் வந்து தங்குவதற்காக மர பீரோக்களிலிருந்து பழைய மெத்தை, தலையணை, ரத்தினக் கம்பளம் எல்லாவற்றையும் வளவில், அதாவது நடு முற்றத்தில், போட்டுத் தட்டியிருக்கிறார்கள். பையன் அந்த மெத்தைக் குவியலில் நாள் முழுக்கக் குதித்திருக்கிறான். எந்தப் பிள்ளைதான் குதிக்காது?

மறுபடி குத்துப் பரிசோதனை. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்கு 6 மில்லிமீட்டர் தடிப்பு. 3 இருந்தாலே பாசிட்டிவ். உணவுகள் எதற்கும் இல்லை. ஆக, இவனுக்கு அலர்ஜியும் வந்துவிட்டது. 'இவனுக்கு அலர்ஜியே கிடையாது' என்று நான் முதல் சந்திப்பில் சொன்னதை அம்மா நினைவுபடுத்தினார், மரியாதையாகத்தான். 'இப்போதைக்கு உணவு அலர்ஜி இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். குறைமாசப் பிள்ளைக்கு வாய்ப்பு குறைவு என்பதை, வராது என்று என் வாய் மாற்றிவிட்டது.

இந்த முறை அதே புடெசோனைடு, அதே அளவு. 3 வாரத்தில் ராத்திரி இருமல் நின்றது. முதல் முறை 3 மாதம் கொடுத்தும் அசையாத மருந்து இப்போது ஏன் வேலை செய்தது? அப்போது இரைப்பு சின்னக் குழாயும் வைரஸும் புகையும் சேர்ந்தது. ஸ்டீராய்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. இப்போது இருப்பது அலர்ஜி வீக்கம், அதை அடக்குவதுதான் அந்த மருந்தின் வேலை. படுக்கையுறையை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுவது, மெத்தைக்குப் பதில் பாய், கல்யாண வீட்டில் தூசி தட்டுகிற நாளில் இவன் அம்மாச்சி வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு.

5 வயது 2 மாதத்தில் ஊதும் பரிசோதனை செய்தோம். முதல் இரண்டு முறை சிரித்துக் கெடுத்துவிட்டான். பிறந்தநாள் மெழுகுவர்த்தி என்று சொல்லி ஊத வைத்ததில் மூன்றாவது சரியாக வந்தது. முதல் நொடியில் வெளியேறும் காற்று, எதிர்பார்க்கிறதில் 82 சதவீதம். மொத்தக் காற்றோடு அதன் விகிதம் 0.76, இந்த வயதில் 0.9ஐ ஒட்டி இருக்க வேண்டும். சால்பூட்டமால் கொடுத்த பிறகும் 0.78தான். அலர்ஜி வீக்கம் மட்டும் இருந்திருந்தால் மருந்துக்கு இன்னும் விரிந்திருக்கும். விரியாமல் நின்ற மிச்சம் 29 வாரத்துக் கணக்கு, அது அவனோடு வளரும். பெரியவனான பிறகும் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும், சிகரெட் பக்கமே போகக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு சேர்கிறான். பள்ளிக்கூடப் பையின் ஓரத்தில் பம்பும் ஸ்பேசரும், எப்படிக் கொடுப்பது என்று டீச்சருக்கு ஒரு தாளும். கட்டைப்பையும் வந்திருந்தது. திறந்து பார்த்தேன். உணவுப் பட்டியலைக் காணோம். அந்த இடத்தில், புதிதாக லேமினேஷன் செய்து, டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கம். "ஜாதகம் மட்டும் இன்னும் பீரோவுலதான் இருக்கு" என்றார் அப்பத்தா.